இந்தியாவுக்கு ஒரு குறுக்குவழி: சூயஸ் கால்வாயின் வரலாறு

உழவன் ஒருவன் வாய்க்கால் வெட்டுகிறான். அவனுடைய நோக்கம் யாவருக்கும் விளங்கும். வயலுக்கு நீர் வேண்டும், ஆதலால் வெட்டுகிறான். ஆனால் பெருநாடு ஒன்று, தனக்கு உரிமையில்லாத மண்ணில், தன் எல்லைக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் அப்பால், கப்பல் செல்லும் கால்வாயை வெட்ட முற்படுமாயின், அல்லது பிறர் வெட்டிய கால்வாயைத் தன் கைக்குள் கொண்டுவர முனையுமாயின், அதன் நோக்கம் யாது? "உலக வாணிகத்தின் நன்மை" என்றும், "நாகரிகத்தின் வெற்றி" என்றும் திறப்பு விழா மேடைகளில் முழங்குவார்கள். அந்நாட்டு அமைச்சர்களின் கடிதங்களையும் படைத்தலைவர்களுக்குப் பிறந்த கட்டளைகளையும் புரட்டிப் பார்த்தால் வேறொரு சொல் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். சூயஸ் கால்வாயைப் பொறுத்தவரையில் அந்தச் சொல், 'இந்தியா'.

எகிப்து நாட்டில் மத்தியதரைக் கடலுக்கும் செங்கடலுக்கும் இடையே கிடந்த மணற்பரப்பை ஊடறுத்துச் செல்லும் இக்கால்வாய், 1869-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அதன் பயனாக லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த சுமார் 19,800 கிலோமீட்டர் கடல்வழி, சுமார் 11,600 கிலோமீட்டராகக் குறுகிற்று. இவ்வளவு பெரிய குறுக்குவழி இந்தியாவை நோக்கியே அமைந்தது. ஆயினும் அதனை அமைப்பதிலோ ஆள்வதிலோ இந்திய மக்களின் கருத்தைக் கேட்டவர் எவருமில்லை. நம் பணமும் நம் வீரர்களின் குருதியும் மட்டும் அந்த மணலிற் சென்று சேர்ந்தன. தாயகத்தைவிட்டு வந்து ஆனேக்கல், பெங்களூர் முதலிய ஊர்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இவ்வரலாறு அயலார் வரலாறு அன்று. நாம் இங்கு வந்து சேர்ந்த கதையின் சில ஏடுகளும் அதனுள் கலந்து கிடக்கின்றன.

செங்கடல் வழி தமிழருக்குப் புதியதன்று. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில், தமிழ்-பிராமி எழுத்துகள் பொறித்த பானை ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மிளகும் முத்தும் அவ்வழியே சென்றன. பொன்னும் மதுவும் திரும்பி வந்தன. நைல் நதியைச் செங்கடலோடு இணைக்கும் கால்வாயைப் பாரசீக மன்னன் டேரியஸ் கி.மு. 500-ஐ ஒட்டிய காலத்திலேயே அமைத்திருந்தான். அது பல முறை தூர்ந்தும் மீண்டும் தோண்டப்பட்டும் இறுதியில் மறைந்தது. 1498-இல் வாஸ்கோ ட காமா நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கள்ளிக்கோட்டைக்கு வந்த பின்னர், ஐரோப்பியரின் இந்திய வாணிகம் அந்தத் தென்கடல் வழியிலேயே நடந்து வந்தது. அவ்வழியைக் காவல் புரியும் கப்பற்படை எவரிடம் வலிமையாக இருந்ததோ, அவரே இந்தியாவிலும் வலிமை பெற்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வலிமை ஆங்கிலேயரிடம் இருந்தது.

அதனை முறிக்க வழி தேடியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். கடலில் ஆங்கிலேயரை வெல்ல இயலாதாயின், நிலத்தின் வழியே இந்தியாவை எட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. 1798-இல் இளந்தளபதி நெப்போலியனைப் பெரும்படையுடன் எகிப்துக்கு அனுப்பிய பிரெஞ்சு அரசு, கீழை நாடுகளிலிருந்து ஆங்கிலேயரைத் துரத்துமாறும், சூயஸ் நிலப்பகுதியை வெட்டச் செய்து செங்கடலைப் பிரான்சின் வசமாக்குமாறும் கட்டளையிட்டது. ஆகவே, நவீன காலத்தில் சூயஸ் கால்வாய் பற்றிய எண்ணம் போர்க்கட்டளையாகவே பிறந்தது. வணிகரின் மனுவாகப் பிறக்கவில்லை. நெப்போலியன் தானே சூயஸுக்குச் சென்று பழங்கால்வாயின் தடங்களைப் பார்வையிட்டான். அவனுடன் வந்த பொறியாளர் லெ பேர் அளந்து பார்த்து, செங்கடலின் நீர்மட்டம் மத்தியதரைக் கடலைவிடச் சுமார் 10 மீட்டர் உயர்ந்தது என்று முடிவு கூறினார். அது பிழையான அளவை. போர்க்களத்தின் நடுவே அவசரமாகச் செய்தது. இரு கடல்களின் மட்டத்திலும் பெரிய வேறுபாடு இல்லையென்பது 1847-இல் நடந்த அளவையால் தெளிவாயிற்று.

இவ்விடத்தில் மைசூர்ச் சீமை கதைக்குள் வருகிறது. 1799 ஜனவரியில், சூயஸைப் பார்த்துத் திரும்பிய சில வாரங்களுக்குள், நெப்போலியன் கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினான். தான் பெரும்படையுடன் செங்கடற்கரைக்கு வந்துவிட்டதாகவும், ஆங்கிலேயரின் இரும்பு நுகத்திலிருந்து திப்புவை விடுவிக்க விரும்புவதாகவும் அதில் கூறியிருந்தான். கடிதம் திப்புவின் கைக்குக் கிடைக்கவில்லை. வழியிலேயே ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். ஆனால் அதற்கு முன்பே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, எகிப்தில் பிரெஞ்சுக்காரர் இருப்பதையும், மொரீஷியஸுக்குத் திப்பு தூதனுப்பியதையும் சேர்த்து நோக்கி, மைசூரின்மீது போர் தொடுக்க முடிவு செய்திருந்தார். ஜெனரல் ஹாரிஸின் தலைமையில் சென்னைப் படை வேலூர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, 1792 உடன்படிக்கையால் கம்பெனி வசமாகியிருந்த பாராமகாலைக் கடந்து, 1799 மார்ச்சில் ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக இன்றைய ஆனேக்கல் வட்டாரத்திற்குள் நுழைந்தது. இன்று ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் இடையே அன்றாடம் வேலைக்குச் சென்று வரும் தமிழ்த் தொழிலாளர்கள் கடக்கும் எல்லை, அன்று அப்படை சென்ற வழியிலேயே இருக்கிறது. மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டான். எகிப்தின் மணலில் இன்னும் ஒரு கூடை மண்ணும் அள்ளப்படாத காலத்திலேயே, அந்தக் கால்வாயைப் பற்றிய அச்சம் காவிரிக்கரையில் ஓர் அரசின் முடிவுக்குத் துணைநின்றது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1801-இல், எகிப்தில் எஞ்சியிருந்த பிரெஞ்சுப் படையை அகற்றுவதற்கு இந்தியாவிலிருந்து ஒரு படை ஜெனரல் பெயர்டின் தலைமையில் செங்கடல் வழியே அனுப்பப்பட்டது. அது குசேர் துறையில் இறங்கிப் பாலைவனத்தைக் கடந்து நைல் நதியை அடைந்தது. அப்படையில், 1780-இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'மதராஸ் பயோனியர்' அணியினரும் இருந்தனர். இவர்களின் வழிவந்த படையே பிற்காலத்தில் மதராஸ் சாப்பர்ஸ் எனப் பெயர் பெற்று, பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் விளங்குகின்றது. அவ்வீரர்களைத் 'தம்பி' என்று அழைக்கும் வழக்கம் இராணுவத்தில் இன்றும் உண்டு. தமிழ் வணிகன் மிளகு மூட்டையுடன் இறங்கிய கடற்கரையில், பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டுப் படைவீரன் பிறருடைய கட்டளையின்பேரில் இறங்கினான். இரண்டு வருகைகளுக்கும் உள்ள வேறுபாடே ஏகாதிபத்தியம் என்னும் சொல்லின் பொருள்.

பிரெஞ்சுக்காரர் வெளியேறினர். ஆயினும் எகிப்து இந்தியாவின் வாயில் என்னும் பாடத்தை ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1830-களில் தாமஸ் வாகார்ன் என்பவர், தபால்களை அலெக்சாந்திரியாவிற் கப்பலிலிருந்து இறக்கி, எகிப்தை நிலவழியாகக் கடந்து, சூயஸில் மீண்டும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பும் முறையை நிலைநாட்டினார். 1839-இல் ஏடன் துறைமுகத்தை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டனர். நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி சேமித்து வைக்க அஃது ஏற்ற இடமாயிற்று. 1850-களில் அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோ வழியாகச் சூயஸ் வரையில் இருப்புப்பாதை அமைந்தது. பிரிட்டனுக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. இரயில் வண்டியில் தபாலும் பயணிகளும் செல்லலாம். பகைவனின் போர்க்கப்பல் செல்ல முடியாது அல்லவா?

இந்நிலையில்தான் பெர்டினாண்டு டி லெஸ்ஸெப்ஸ் என்னும் பிரெஞ்சுத் தூதர் ஒருவர், எகிப்தின் ஆட்சியாளரான சையத் பாஷாவின் நட்பைப் பயன்படுத்தி, 1854 நவம்பர் 30-ஆம் நாள் கால்வாய் வெட்டும் உரிமையைப் பெற்றார். கால்வாய் திறந்த நாள் முதல் 99 ஆண்டுகளுக்கு அதனை நடத்தும் உரிமை அவர் நிறுவும் கம்பெனிக்குக் கிடைத்தது. 1858-இல் கம்பெனி தோன்றியது. ஒவ்வொன்றும் 500 பிராங்கு மதிப்புள்ள நான்கு லட்சம் பங்குகளில், பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றைப் பிரெஞ்சு மக்கள் வாங்கினர். பிரிட்டன் ஒதுங்கி நின்றது. விலைபோகாத பங்குகளின் பெரும்பகுதி சையத் பாஷாவின் தலையில், அதாவது எகிப்தியக் குடியானவனின் தலையில் விழுந்தது.

பிரிட்டிஷ் பிரதமர் பாமர்ஸ்டன் கால்வாயைக் கடுமையாக எதிர்த்தார். எகிப்து துருக்கியப் பேரரசிலிருந்து பிரிந்து பிரான்சின் நிழலில் ஒதுங்கும். போர் மூண்டால் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலேயருக்கு முன்னதாக இந்தியாவை அடையும் என்பன அவருடைய அச்சங்கள். ஆகவே, ஒரு வல்லரசு கால்வாயை வேண்டியதற்கும் இந்தியாவே காரணம்; மற்றொரு வல்லரசு அதனை வேண்டாம் என்றதற்கும் இந்தியாவே காரணம். இருவருள் எவரும் எகிப்தின் நன்மையைக் கருதினாரில்லை.

கால்வாயை வெட்டிய கைகள் எகிப்தியருடையவை. 1859 ஏப்ரல் 25-இல் வேலை தொடங்கிற்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றொரு சொல் வருகிறது. அரசுக்கெனக் குடிகள் கட்டாயமாகச் செய்யவேண்டிய உழைப்பு என்பது அதன் பொருள். அவ்வகை உழைப்பே எகிப்தில் நடைபெற்றது. கம்பெனி சொற்பக் கூலி கொடுத்தது உண்மையே; ஆயினும் வர மறுக்கும் உரிமை குடியானவனுக்கு இல்லை. மாதந்தோறும் சுமார் 20,000 பேர் கிராமங்களிலிருந்து திரட்டி அனுப்பப்பட்டனர். வேலை செய்வோர் ஒரு பங்கு, வருவோர் ஒரு பங்கு, திரும்பிச் செல்வோர் ஒரு பங்கு என, எந்த நேரத்திலும் அறுபதாயிரம் உழவர்கள் தம் வயல்களைவிட்டு நீங்கியிருந்தனர். நைல் பாய்ந்து விதைப்புக்கு நிலம் காத்திருக்கும் காலத்திலும் அவர்கள் பாலைவனத்தில் மண் சுமந்தனர். மாண்டோர் எத்தனை பேர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்திய அதிபர் நாசர் 1956-இல் 1,20,000 பேர் என்றார். கம்பெனியின் ஏடுகள் அதனினும் மிகக் குறைந்த எண்ணிக்கையையே காட்டின.

சையதுக்குப் பின் ஆட்சிக்கு வந்த இஸ்மாயில் பாஷா இக்கட்டாய உழைப்பை நிறுத்த விரும்பினார். அதனை நிறுத்துமாறு பிரிட்டனும் மனிதாபிமானத்தின் பெயரால் வற்புறுத்திற்று. ஆனால் ஆங்கிலேயர் அமைத்த இருப்புப்பாதைக்கும் அதே கட்டாய உழைப்பே பயன்பட்டது. அப்போது அந்த மனிதாபிமானம் வாய் திறக்கவில்லை. வழக்கு நடுவர் தீர்ப்புக்குப் போயிற்று. நடுவராக அமர்ந்தவர் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். 1864-இல் அவர் அளித்த தீர்ப்பின்படி எகிப்து கம்பெனிக்கு 8 கோடியே 40 லட்சம் பிராங்கு இழப்பீடு தரவேண்டியதாயிற்று. அதில் 3 கோடியே 80 லட்சம், கட்டாய உழைப்பாளரை அனுப்பாமல் நிறுத்தியதற்கான ஈடு. தன் குடிகளை வெட்டிவேலையிலிருந்து மீட்டதற்கு ஒரு நாடு அயலாருக்குத் தண்டம் கட்டிய விந்தையை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அதன்பின் நீராவி இயந்திரங்கள் வந்தன; எஞ்சிய மண்ணின் பெரும்பகுதியை அவையே அகழ்ந்தன. பொறியியல் துறையில் அது மெய்யான சாதனை. அதனைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது.

கால்வாய் திறந்த சில ஆண்டுகளில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அதன் வழியே சென்ற கப்பல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பிரிட்டிஷ் கொடி பறந்தவை. எதிர்த்தவர்களே பெரும்பயன் அடைந்தார்கள். இனி அதனைப் பிறர் கையில் விட்டுவைக்க அவர்களுக்கு மனம் இல்லை. ஆடம்பரச் செலவாலும் கடும் வட்டியாலும் கடனில் மூழ்கிய இஸ்மாயில், 1875 நவம்பரில் தம் பங்குகளை விற்க முன்வந்தார். பிரதமர் டிஸ்ரேலி, பாராளுமன்றம் கூடுவதற்கும் காத்திராமல், ராத்சைல்டு வங்கியிடம் கடன் பெற்று 1,76,602 பங்குகளைச் சுமார் 40 லட்சம் பவுனுக்கு வாங்கினார். மொத்தப் பங்குகளில் அது நூற்றுக்கு 44. அடுத்த ஆண்டே விக்டோரியா மகாராணிக்கு 'இந்தியப் பேரரசி' என்னும் பட்டம் சட்டமாயிற்று. வாயிலின் சாவியும் வீட்டின் பட்டமும் அடுத்தடுத்து வந்தன.

அந்தப் பட்டத்தை முழங்கும் தர்பார் 1877 ஜனவரி முதல் நாளில் டில்லியில் நடந்தபோது, தென்னிந்தியா கொடிய பஞ்சத்தில் கிடந்தது. மைசூர் அரசின் மக்கள்தொகை 1871-இல் சுமார் 50 லட்சம். 1881-இல் சுமார் 42 லட்சம். கால்வாய் வந்ததனால் பஞ்சம் வந்ததென்று கூறுவது பொருந்தாது; மழை பொய்த்தது முதற்காரணம். ஆனால் உலகின் மிக விரைவான கடல்வழி நம் வாயிலில் இருந்தும், அது பசித்தவனுக்குச் சோறு கொண்டுவரும் வழியாக அமையவில்லை. கோதுமையும் பருத்தியும் சணலும் வெளியே செல்லும் வழியாகவே அமைந்தது. வழி குறுகிற்று, ஆயினும் அதனைப் பயன்கொள்ளும் உரிமை விரியவில்லை.

தமிழ் மக்களின் இடப்பெயர்ச்சியிலும் இக்கால்வாயின் நிழல் படிந்திருக்கிறது. பர்மாவின் அரிசி ஐரோப்பியச் சந்தைக்கு எளிதிற் செல்லும் நிலை ஏற்பட்டதும், ஐராவதி ஆற்றின் கழிமுகச் சதுப்பு நிலங்கள் வேகமாக வயல்களாக மாறின. அவ்வயல்களுக்குக் கடன் கொடுக்கச் செட்டிநாட்டு நகரத்தார் சென்றனர். அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைக்கத் தமிழ் நாட்டாரும் தெலுங்கு நாட்டாரும் சென்றனர். கொழும்புத் துறைமுகம் பெருகியதும் கால்வாய்க்குப் பின்னரே. பெங்களூர்த் தமிழர் கதையோ பாசறையிலிருந்து தொடங்குவது. திப்பு வீழ்ந்த பின், 1809-இல் அமைந்த பெங்களூர்ப் பாசறையைச் சுற்றிப் படைவீரரும் வணிகரும் கைவினைஞரும் பணியாளருமாகத் தமிழர் குடியேறினர். பேரரசு தன் தேவைக்காக வகுத்த வழிகளில் நம் முன்னோர் தம் வயிற்றுக்காக நடந்தனர்.

1876-இல் எகிப்தின் கருவூலம் நொடித்தது. கடன் கொடுத்தவர்களின் சார்பாக பிரிட்டனும் பிரான்சும் அந்நாட்டின் நிதியைக் கண்காணிக்கத் தொடங்கின. 1879-இல் இஸ்மாயில் பதவியிழந்தார். 1880-இல், கால்வாய் இலாபத்தில் எகிப்துக்கு உரிய நூற்றுக்குப் பதினைந்து பங்கும் விற்கப்பட்டது. தன் மண்ணில், தன் மக்கள் தோண்டிய கால்வாயின் வருவாயில் எகிப்துக்கு ஒரு காசும் இல்லை என்னும் நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. "எகிப்து எகிப்தியருக்கே" என்று எழுந்தார் படைத்தலைவர் அராபி பாஷா. பிரிட்டன் 1882 ஜூலை 11-இல் அலெக்சாந்திரியாவைக் குண்டு வீசித் தாக்கியது. ஆகஸ்டில் கால்வாயைக் கைப்பற்றியது. செப்டம்பர் 13-இல் தெல்-எல்-கபீர் என்னுமிடத்தில் அராபியின் படையை முறியடித்தது.

அப்போரில் இந்தியாவிலிருந்து சென்றவர் சுமார் 7,000 பேர். பெங்களூரின் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அவர்களுள் இருந்தனர்; 'எகிப்து 1882', 'தெல்-எல்-கபீர்' என்னும் போர்ச் சிறப்புகள் அப்படையின் பட்டியலில் இன்றும் உள்ளன. பாதை அமைப்பதும் பாலம் கட்டுவதும் நீர்வசதி செய்வதும் அவர்கள் தொழில். தன் நாட்டை மீட்க முயன்ற ஒரு மக்களை அடக்கும் பணியில், தன் நாட்டை இழந்திருந்த மற்றொரு மக்களின் திறமை இவ்வாறு பயன்படுத்தப்பட்டது. வீரரின்மேல் குற்றமில்லை, ஏவியவர் வேறு. அப்படையெடுப்புச் செலவின் ஒரு பகுதியும் இந்தியக் கருவூலத்தின்மேல் சுமத்தப்பட்டது. "இந்தியாவுக்கான வழியைக் காத்தோம், ஆகவே இந்தியா பணம் தரவேண்டும்" என்பது வாதம். இத்தகைய வெளிநாட்டுப் போர்ச்செலவுகளை இந்திய ஏழைகளின் தலையில் கட்டுவது நீதியன்று என்று, 1895-இல் அமைக்கப்பட்ட வெல்பி கமிஷனில் தாதாபாய் நௌரோஜி முதலியோர் வழக்காடினர்.

அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ளவர்களுக்குச் சில சொற்களின்மேல் தனி எச்சரிக்கை உண்டு. அவற்றுள் ஒன்று 'தற்காலிகமாக' என்பது. 1882-இல் எகிப்தில் நுழைந்த பிரிட்டிஷ் படை தற்காலிகமாகவே தங்கும் என்று அந்நாட்டு அமைச்சர்கள் பல முறை உறுதி கூறினர். அப்படையின் கடைசி அணி கால்வாய்ப் பகுதியைவிட்டு வெளியேறிய நாள் 1956 ஜூன் 13. தற்காலிகம் எழுபத்து நான்கு ஆண்டுகள் நீண்டது. 'நடுநிலை' மற்றொரு சொல். 1888-இல் கான்ஸ்டாண்டினோபிளில் கையெழுத்தான உடன்படிக்கை, போரிலும் அமைதியிலும் கால்வாய் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் திறந்திருக்கும் என்றது. ஆனால் கரையில் நின்ற துப்பாக்கிகள் ஒரே நாட்டினுடையவை.

முதல் உலகப்போரில் 1915 பிப்ரவரியில் துருக்கியப் படை கால்வாயைத் தாக்கியபோது, அதனைத் தடுத்து நின்றவர்களுள் பெரும்பாலோர் இந்தியரே. மைசூர் அரசின் குதிரைப்படையான மைசூர் லான்சர்ஸும் கால்வாய்க் காவலில் இருந்தது. பின்னர் 1918-இல் ஹைஃபா நகரைப் பிடித்த போரிலும் பங்கு கொண்டது. அப்படையில் மாண்டோருக்கான நினைவுத்தூண் பெங்களூர் ஜே.சி. நகரில் இருக்கிறது. கால்வாயின் தென்முனையான போர்ட் தௌஃபிக்கில், எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் மறைந்து, கல்லறையும் அறியப்படாத சுமார் 4,000 இந்திய வீரர்களுக்காக 1926-இல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் பின்னாளில் நடந்த போர்களில் அது சிதைந்தது. 1980-இல் கெய்ரோவை அடுத்த ஹீலியோபொலிஸ் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மாற்றுச் சின்னம் அமைக்கப்பட்டது. யாருடைய கால்வாயைக் காக்க மாண்டார்களோ, அந்தக் கால்வாயின் கரையில் அவர்களுடைய நினைவும் நிலைக்கவில்லை.

சூயஸின் கதை தனிக்கதையன்று. அமெரிக்கக் கண்டத்தில் பனாமாக் கால்வாயை வெட்ட முயன்றவரும் அதே லெஸ்ஸெப்ஸே. அவருடைய கம்பெனி 1889-இல் நொடித்தது. அதன்பின் அமெரிக்க ஐக்கிய நாடு அவ்வேலையை மேற்கொள்ள விழைந்தது. இரு பெருங்கடல்களிலும் தன் கப்பற்படையை விரைந்து செலுத்துவது அதன் தலையாய நோக்கம். கொலம்பியா நாட்டின் மேலவை உடன்படிக்கையை மறுத்தபோது, அந்நாட்டின் பகுதியாயிருந்த பனாமா 1903 நவம்பர் 3-இல் பிரிந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அப்பிரிவினைக்குக் காவல் நின்றன. பதினைந்து நாட்களில் கையெழுத்தான ஒப்பந்தம், கால்வாய்ப் பகுதியை 'என்றென்றைக்கும்' அமெரிக்காவுக்கு அளித்தது. கால்வாய் 1914-இல் திறக்கப்பட்டது. அந்த 'என்றென்றைக்கும்', 1999 டிசம்பர் 31-இல் கால்வாய் பனாமாவிடம் ஒப்படைக்கப்பட்டதோடு முடிந்தது. ஒரு வல்லரசின் 'தற்காலிகம்' நீள்வதும், மற்றொன்றின் 'என்றென்றைக்கும்' குறுகுவதும் வரலாற்றில் உண்டு.

1947-இல் இந்தியா விடுதலை அடைந்தது. இந்தியாவுக்கான வழியைக் காப்பதே நோக்கமாயின், பிரிட்டிஷ் படை அன்றே சூயஸைவிட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை. இப்போது காக்கவேண்டியது எண்ணெய் வழி என்றார்கள். 1956 ஜூலை 26-ஆம் நாள் அலெக்சாந்திரியாவில் நிகழ்த்திய பேருரையில், கால்வாய்க் கம்பெனியை எகிப்தின் உடைமையாக்குவதாக நாசர் அறிவித்தார். அவ்வுரையில் லெஸ்ஸெப்ஸின் பெயர் ஒலித்ததே அலுவலகங்களைக் கைப்பற்றுவதற்குரிய இரகசியக் குறிப்பு. அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும் அதனைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. அமெரிக்காவும் சோவியத் நாடும் ஐக்கிய நாடுகள் சபையும் எதிர்த்து நின்றமையால், அவ்வாண்டு டிசம்பருக்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வெளியேறின.

அந்நெருக்கடியில் இந்தியா நடந்துகொண்ட முறை நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. 1956 ஆகஸ்டில் நடந்த லண்டன் மாநாட்டில் வி.கே. கிருஷ்ண மேனன், கால்வாய் எகிப்தின் உரிமை என்பதை ஏற்றுக்கொண்டு, அதனைப் பயன்படுத்தும் நாடுகளின் நலனுக்கு ஓர் ஆலோசனை அமைப்பை ஏற்படுத்தலாம் என்னும் திட்டத்தை முன்வைத்தார். தன் வெளிநாட்டு வாணிகத்துக்கு அக்கால்வாயையே பெரிதும் நம்பியிருந்த ஒரு நாடு, தன் தேவையைக் காரணம் காட்டிப் பிறர் மண்ணில் உரிமை கோராமல் நின்றது. போர் ஓய்ந்ததும் ஐக்கிய நாடுகள் அமைதிப் படையில் இந்திய வீரர்கள் எகிப்துக்குச் சென்றனர்; 1967 வரையில் அங்குப் பணியாற்றினர். 1801-லும், 1882-லும், 1915-லும் இந்திய வீரன் பிறர் ஏவ அந்த மண்ணை மிதித்தான். 1956-இல் தன் நாட்டு அரசு அனுப்ப, எகிப்தின் இசைவோடு, எதனையும் பறிப்பதற்கன்றி அமைதியைக் காப்பதற்காகச் சென்றான். மணல் அதே மணல். பயணத்தின் பொருள் மாறிவிட்டது.

1967 போரில் மூடப்பட்ட கால்வாய் எட்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து, 1975 ஜூனில் மீண்டும் திறந்தது. அதன் பயனை இன்று எவரும் மறுக்க இயலாது. ஆனேக்கல் வட்டத்துப் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளித் தொழிற்பேட்டைகளில் தமிழரும் கன்னடியரும் தோளோடு தோள் நின்று செய்யும் பொருள்களில் ஐரோப்பாவுக்குச் செல்பவற்றுக்கும் குறுகிய கடல்வழி அதுவே. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்னும் பெருங்கப்பல் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் போக்குவரத்தை நிறுத்தியபோது, அதிலிருந்த மாலுமிகள் 25 பேரும் இந்தியரே. 2023-இன் இறுதியில் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் வாஸ்கோ ட காமாவின் பழைய வழிக்கே திரும்ப நேர்ந்தது. வழி குறுகியதாக இருப்பது மட்டும் போதாது. அஃது அமைதியான வழியாகவும் இருக்கவேண்டும்.

கால்வாய் தீமையன்று. கடலையும் கடலையும் இணைப்பது மனித அறிவின் நல்ல செயலே. ஆனால் ஒரு நாட்டில் மற்றொரு நாடு கால்வாயோ துறைமுகமோ நெடுஞ்சாலையோ அமைக்க வரும்போது, மேடைப் பேச்சை மட்டும் கேட்டு அமைதல் கூடாது. மண் யாருடையது, கடன் யார் தலையில், உழைக்கும் கை யாருடையது, முடிந்தபின் சாவி யார் கையில் என்னும் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். எகிப்து அக்கேள்விகளை 1854-இல் கேட்கத் தவறியது. விடையைப் பெறுவதற்கு 1956 வரையில் காத்திருக்க நேர்ந்தது. நம் பாட்டன்மார் அக்கேள்விகளைக் கேட்கும் நிலையிலேயே இருக்கவில்லை. நாம் கேட்கலாம். பிற நாட்டு மண்ணில் நாமே ஒன்றைக் கட்டச் செல்லும் காலத்தில், அவற்றை நம்மிடமே கேட்டுக்கொள்வதும் நம் கடமை.